தொழிற்சாலை விஷங்களைத் துப்பறிந்த டாக்டர்: யார் இந்த ஆலிஸ் ஹாமில்டன்?

வெள்ளை வெளேரென்று பளபளக்கும் குளியல் தொட்டி. 1900-களின் தொடக்கத்தில் அமெரிக்க நடுத்தரக் குடும்பங்களுக்கு அது ஒரு கௌரவம். அந்த வெள்ளை எப்படி வந்தது என்று வாங்கியவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள்.

உலையில் பழுத்துச் சிவந்த இரும்புத் தொட்டியை வெளியே இழுப்பார்கள். அது ஆறுவதற்குள், நீளக் கைப்பிடி வைத்த சல்லடையால் எனாமல் பொடியை அதன் மேல் தூவ வேண்டும். பொடி உருகி ஒட்டிக்கொள்ளும். ஒட்டாதது காற்றில் பறக்கும். அனல் தாங்காமல் வாய் திறந்து மூச்சு வாங்கும் தொழிலாளியின் நுரையீரலுக்குள் அது நேராகப் போகும். அந்தப் பொடியில் காரீயம் இருந்தது.

சிகாகோ மருத்துவமனை ஒன்றில், தாங்க முடியாத வயிற்று வலியோடும் செயலிழந்த கையோடும் ஒரு போலந்துக்காரர் படுத்திருந்தார். குளியல் தொட்டிக்கு எனாமல் பூசுவதுதான் வேலை என்றார். அந்த வேலையில் காரீயம் இருக்கும் என்று அதுவரை கேள்விப்படாத ஒரு பெண் டாக்டர், நேராக அந்தத் தொழிற்சாலைக்கே போனார். நிர்வாகம் மரியாதையாக வரவேற்றது. இங்கே காரீயமே கிடையாது, நீங்களே சுற்றிப் பாருங்கள் என்றது. அவரும் பார்த்தார். தொட்டிகளுக்குச் சாதாரண பெயின்ட்டால் சின்னச் சின்ன ஒட்டுவேலைதான் நடந்துகொண்டிருந்தது. திரும்பிவிட்டார்.

ஆனா மனசு கேட்கவில்லை. அந்தப் போலந்துக்காரரின் வீட்டைத் தேடிப் போனார். அப்போதுதான் தெரிந்தது, எனாமல் பூசும் இடத்தையே அவருக்குக் காட்டவில்லை என்று. அந்த எனாமலில் கொஞ்சம் எடுத்துப் பரிசோதித்தால், 20 சதவீதம் வரை கரையக்கூடிய காரீயம்!

அந்த டாக்டர்தான் ஆலிஸ் ஹாமில்டன். வேலை செய்யும் இடமே ஒருவரை நோயாளியாக்கும் என்பதை அமெரிக்காவுக்கு ஆதாரத்தோடு காட்டியவர். இன்று ஆக்குபேஷனல் மெடிசின், அதாவது தொழில்சார் மருத்துவம் என்று ஒரு துறை அந்த நாட்டில் இருக்கிறது என்றால், அதற்கு அடித்தளம் போட்டவர்களில் முதல் பெயர் இவருடையது.

ஒரு சின்ன விளக்கம். நம்ம வீட்டில் ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம். இங்கே பேசுவது காரீயம், ஆங்கிலத்தில் லெட். பெயர் ஒட்டினாலும் இரண்டும் வேற வேற உலோகம்.

பள்ளிக்கே போகாத சிறுமி

ஆலிஸ் 1869 பிப்ரவரி 27-ல் நியூயார்க்கில் பிறந்தார். வளர்ந்தது இந்தியானா மாநிலத்தின் ஃபோர்ட் வெய்ன் நகரில். வசதியான பெரிய குடும்பம். பிள்ளைகளுக்குப் பாடம் எல்லாம் வீட்டிலேயேதான். பதின்ம வயதில்தான் முறையான பள்ளிக்குப் போனார். கிரேக்கப் புராணங்களை ஆங்கில வாசகர்களிடம் கொண்டுபோன எழுத்தாளர் ஈடித் ஹாமில்டன், ஆலிஸின் அக்கா.

அப்பாவின் வியாபாரம் நொடித்தபோது, பெண்களும் சம்பாதிக்க வேண்டிய நிலை வந்தது. ஆலிஸ் மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்ததற்குப் பெரிய லட்சியம் எதுவும் காரணமில்லை. டாக்டருக்குப் படித்தால் எந்த ஊருக்கும் போகலாம், யாருடைய தயவும் இல்லாமல் பிழைக்கலாம் என்ற கணக்குதான். அறிவியல் அடிப்படையே இல்லாமல் ஆரம்பித்து, 1893-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எம்.டி. பட்டம் வாங்கினார்.

நோயாளிகளைப் பார்ப்பதைவிட ஆய்வுக்கூடம்தான் அவருக்குப் பிடித்தது. பாக்டீரியாவியல், நோயியல் படிக்க அக்காவோடு ஜெர்மனிக்குப் போனார். அங்கே பெண்களுக்குப் பட்டம் கிடையாது. வகுப்பில் உட்காரலாம், அதுவும் கூடியவரை யார் கண்ணிலும் படாமல். திரும்பி வந்து ஜான்ஸ் ஹாப்கின்ஸிலும் கொஞ்ச காலம் படித்தார். 1897-ல் சிகாகோவில் பெண்கள் மருத்துவக் கல்லூரி ஒன்றில் நோயியல் பேராசிரியர் வேலை கிடைத்தது.

அந்த வேலையைவிட, தங்கிய இடம்தான் அவர் வாழ்க்கையை மாற்றியது. ஜேன் ஆடம்ஸ் நடத்திய ஹல் ஹவுஸ்.

ஹல் ஹவுஸ் என்றால் என்ன?

சிகாகோவின் நெரிசல் மிகுந்த, புலம்பெயர்ந்த ஏழைகள் வாழ்ந்த பகுதியில் 1889-ல் தொடங்கப்பட்ட சமூக மையம் அது. படித்தவர்கள் அங்கேயே குடியேறி, அக்கம்பக்கத்து மக்களோடு சேர்ந்து வாழ்வார்கள். குழந்தைகள் காப்பகம், இரவு வகுப்பு, தொழிற்சங்கக் கூட்டம் எல்லாம் அதே கட்டடத்தில். ஜேன் ஆடம்ஸ் பின்னாளில், 1931-ல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார்.

ஆலிஸ் அங்கே 22 வருடம் இருந்தார். குழந்தைகளுக்கு ஒரு கிளினிக் நடத்தினார். இத்தாலியர், கிரேக்கர், போலந்துக்காரர், யூதர் என்று பல மொழிக் குடும்பங்களோடு பழகினார். உருக்காலையில் வேலை பார்த்தவருக்குக் கார்பன் மோனாக்சைடு வாயு தாக்கியது, பெயின்டருக்குக் கை விழுந்துபோனது என்ற கதைகள் தினமும் காதில் விழும். மருத்துவ நூல்களில் தேடினால், ஐரோப்பாவைப் பற்றி நிறைய இருக்கும். அமெரிக்காவைப் பற்றி ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது.

1902-ல் சிகாகோவில் டைபாய்டு பரவியது. ஹல் ஹவுஸைச் சுற்றி மட்டும் ஏன் இவ்வளவு அதிகம் என்று ஆலிஸ் தேடினார். திறந்துகிடந்த கழிப்பிடங்களில் மொய்த்த ஈக்களைப் பிடித்து ஆய்வு செய்தார். ஈக்கள்தான் கிருமியைச் சுமக்கின்றன என்று கட்டுரை எழுதினார். நல்ல பெயர். நகராட்சி சுகாதாரத் துறையில் களையெடுப்பே நடந்தது. ஆனா பிறகுதான் உண்மை வெளியே வந்தது: கழிவுநீர், குடிநீர்க் குழாயில் கலந்திருந்தது. அதிகாரிகள் அதை மறைத்திருந்தார்கள். ஈ ஒரு காரணமாக இருந்திருக்கலாம், பெரிய காரணம் அதுவல்ல. தப்பான விடைக்குக் கிடைத்த அந்தப் புகழ் ஆலிஸை ரொம்ப நாள் சங்கடப்படுத்தியது. அதற்குப் பிறகு அவர் எழுதிய அறிக்கைகளைப் பார்த்தால், ஆதாரம் கையில் இல்லாமல் ஒரு வரி எழுதத் தயங்குபவராகத் தெரிகிறார்.

கை கழுவாததுதான் காரணமா?

1908-ல் இல்லினாய் மாநில ஆளுநர் தொழில் நோய்களைப் பற்றி ஆராய ஒரு குழு அமைத்தார். அதன் கீழ் 1910-ல் தொடங்கிய கள ஆய்வுக்குத் தலைமை ஆலிஸ். அவர் தனக்கு எடுத்துக்கொண்டது காரீயம். காரணம், அது பழைய விஷம், எங்கும் பரவிய விஷம்.

காரீயம் உடம்பில் சேர்ந்தால் என்ன ஆகும்? முதலில் ரத்தசோகை, பசியின்மை, மலச்சிக்கல். ஈறில் நீலக் கோடு. பிறகு சுருட்டிப் பிடிக்கும் வயிற்று வலி. நரம்பு தளர்ந்து மணிக்கட்டு தொங்கிப்போகும், கையைத் தூக்க முடியாது. மூளையைத் தொட்டால் வலிப்பு, மனநோய், மரணம்.

எந்தத் தொழிலில் காரீயம் இருக்கிறது என்ற பட்டியலே அப்போது கிடையாது. மருத்துவமனைப் பதிவேட்டில் நோயாளி எங்கே வேலை பார்த்தார் என்று எழுதியிருக்காது. நிர்வாகங்களின் டாக்டர்கள் வாய் திறக்க மாட்டார்கள். தொழிலாளிகளோ வேலை போய்விடும் என்று பயந்து, வேற பெயர் சொல்வார்கள். அதனால் ஆலிஸும் உதவியாளர்களும் மருந்துக்கடைக்காரர், பாதிரியார், தொழிற்சங்கத்துக்காரர், சாராயக்கடை முதலாளி, சவ அடக்கம் செய்பவர் வரை எல்லாரிடமும் விசாரித்தார்கள். வீட்டுக்கே போய் மனைவியிடம் பேசினார்கள். கணவன் வேலைபார்க்கும் இடத்தில் பேசாததை, சமையலறையில் மனைவி பேசிவிடுவார்.

விசாரிக்க விசாரிக்கப் பட்டியல் நீண்டது. காரீயம் தொட்ட தொழில்முறைகள் மட்டும் 70-க்கு மேல். வெள்ளைப் பெயின்ட், பேட்டரி, அச்சகம் சரி. சுருட்டைச் சுற்றும் பளபளத் தாள், சவப்பெட்டி அலங்காரம், கண்ணாடிப் பாத்திரத்துக்கு மெருகு போடுவது என்று யாரும் எதிர்பார்க்காத இடங்களிலும் இருந்தது.

முதலாளிகள் எல்லாரும் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தார்கள். இவர்கள் சுத்தமில்லாதவர்கள், சாப்பிடும் முன் கை கழுவுவதில்லை, குடிக்கிறார்கள், அதனால் நோய் வருகிறது. கேட்க நியாயம் போலவே இருக்கும். அன்றைய டாக்டர்களில் பலரும் அதை நம்பினார்கள்.

ஆலிஸ் இந்த வாதத்தைத்தான் உடைத்தார். கை கழுவுவது நல்லதுதான். ஆனா ஒருவர் நாள் முழுக்க தூசியையும் புகையையும் சுவாசித்துக்கொண்டிருக்கும்போது, மதியம் ஒரு தடவை கை கழுவி என்ன பயன்? விஷம் போகும் முக்கிய வழி வாய் இல்லை, மூச்சு. அப்படியென்றால் தீர்வு தொழிலாளியின் பழக்கத்தில் இல்லை. தூசி எழாமல் தடுக்க வேண்டும், எழுந்த தூசியை உறிஞ்சி வெளியேற்ற வேண்டும். அது முதலாளி செய்ய வேண்டிய செலவு. சண்டை முழுக்க இந்த ஒரு புள்ளியில்தான். பழி யார் மேல், செலவு யார் தலையில்?

1911-ல் இல்லினாய் மாநிலம் தொழில் நோய்ச் சட்டம் கொண்டுவந்தது. ஆபத்தான தொழில்களில் பாதுகாப்பு ஏற்பாடும், மாதாமாதம் மருத்துவப் பரிசோதனையும் கட்டாயம் ஆனது.

அதிகாரமும் இல்லை, சம்பளமும் இல்லை

1910-ல் பிரசெல்ஸ் நகரில் ஒரு சர்வதேச மாநாடு. தொழில் நோய் பற்றி அமெரிக்காவிடம் புள்ளிவிவரம் இருக்கிறதா, சட்டம் இருக்கிறதா, ஆய்வு இருக்கிறதா என்று ஐரோப்பியர்கள் கேட்டார்கள். எதற்கும் பதில் இல்லை. அமெரிக்காவில் தொழில் சுகாதாரம் என்ற ஒன்றே கிடையாது என்று பெல்ஜிய அதிகாரி ஒருவர் சபையிலேயே சொல்லிவிட்டார். அங்கே இருந்த அமெரிக்கத் தொழிலாளர் ஆணையர் சார்லஸ் நீல், இல்லினாயில் செய்ததை நாடு முழுக்கச் செய்யுங்கள் என்று ஆலிஸைக் கேட்டுக்கொண்டார்.

1911 முதல் மத்திய அரசின் சிறப்பு ஆய்வாளர். பதவியின் பெயர் பெரிதாக இருக்கிறதே தவிர, எந்தத் தொழிற்சாலைக்குள்ளும் நுழைய சட்டப்படி அவருக்கு உரிமை கிடையாது. மாதச் சம்பளமும் கிடையாது. அறிக்கை முடித்துக் கொடுத்தால் அரசு விலைக்கு வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். எங்கே எந்தத் தொழிற்சாலை இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுகூட அவர் பொறுப்பு.

அவரிடம் இருந்த ஒரே ஆயுதம் பேச்சு. மிரட்டல் இல்லை, கத்தல் இல்லை. கதவைத் தட்டி, அனுமதி கேட்டு, பார்த்து, குறித்துக்கொண்டு, பிறகு முதலாளியிடமே போய்ச் சொல்வார். உங்களுக்குத் தெரியாமல் நடந்திருக்கலாம் என்ற தொனியில். இது சில பேரிடம் வேலை செய்தது.

நேஷனல் லெட் கம்பெனியின் எட்வர்ட் கார்னிஷ் அப்படி ஒருவர். உங்கள் ஆலையில் ஆட்கள் விஷம் ஏறிச் சாகிறார்கள் என்று ஆலிஸ் சொன்னதும் அவருக்குக் கோபம். நம்பவில்லை. நிரூபியுங்கள், நிரூபித்தால் நீங்கள் சொல்வதை எல்லாம் செய்கிறேன் என்றார். ஆலிஸ் போய் மருத்துவமனைப் பதிவுகளைப் புரட்டி, அவருடைய ஆலைகளில் வேலை பார்த்துக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட 22 பேரின் விவரத்தோடு வந்தார். கார்னிஷ் சொன்ன சொல் காப்பாற்றினார். தூசி, புகை தடுப்பு ஏற்பாடுகள் வந்தன, ஆலைகளுக்கு டாக்டர்கள் வந்தார்கள். எல்லாரும் கார்னிஷ் இல்லை என்பதையும் ஆலிஸ் போகப்போகத் தெரிந்துகொண்டார்.

முதல் உலகப் போர் வந்தது. ஆலிஸ் போர் எதிர்ப்பாளர். 1915-ல் ஹேக் நகரில் நடந்த பெண்கள் அமைதி மாநாட்டுக்கு ஜேன் ஆடம்ஸோடு போய்வந்தவர். ஆனா அரசு அவரை அனுப்பியது வெடிமருந்து ஆலைகளுக்கு! ஆலைகள் எங்கே இருக்கின்றன என்ற முகவரிகூடக் கிடைக்கவில்லை. வானத்தில் மஞ்சளும் ஆரஞ்சுமாக எழும் நைட்ரிக் அமிலப் புகையைப் பார்த்துத்தான் வழி கண்டுபிடித்தார். பிக்ரிக் அமிலத்தில் வேலை பார்ப்பவர்களுக்குத் தோலும் முடியும் மஞ்சளாகிவிடும். தெருவில் அப்படி ஒருவர் போனால், பின்னாலேயே போய்ப் பேச்சுக் கொடுப்பார்.

1918 குளிர்காலத்தில் இந்தியானாவின் பெட்ஃபோர்ட் சுண்ணாம்புக்கல் பட்டறைகள். காற்றழுத்தச் சுத்தியல் பிடிக்கும் கல்தச்சர்களுக்கு, குளிர் பட்டதும் விரல்கள் ரத்தமே இல்லாமல் வெளுத்து மரத்துப்போயின. செத்த விரல் என்று அவர்களே பெயர் வைத்திருந்தார்கள். கருவியின் அதிர்வு, இறுக்கிப் பிடிப்பது, குளிர், இவை மூன்றும் சேர்ந்துதான் காரணம் என்று ஆலிஸ் எழுதினார். டிரில்லிங் மெஷின் பிடிப்பவர்களுக்கு இன்றும் வரும் இந்தப் பிரச்சினையைப் பற்றிய ஆரம்பகால முக்கிய ஆய்வுகளில் இது ஒன்று.

ஹார்வர்ட் போட்ட மூன்று நிபந்தனை

1919-ல் ஹார்வர்ட் மருத்துவப் பள்ளி தொழில் மருத்துவம் கற்றுத்தர ஆள் தேடியது. அமெரிக்காவில் இந்தத் துறையை உருப்படியாகத் தெரிந்தவர் என்று பார்த்தால், ஆலிஸ்தான் இருந்தார். ஹார்வர்ட் வரலாற்றிலேயே பெண் ஆசிரியர் கிடையாது. மருத்துவப் பள்ளியில் பெண்களை மாணவர்களாகக்கூடச் சேர்ப்பதில்லை. வேற வழியில்லாமல் கூப்பிட்டார்கள், 50 வயதில், உதவிப் பேராசிரியராக.

கூடவே மூன்று நிபந்தனை. ஆசிரியர் கிளப்புக்குள் வரக்கூடாது. கால்பந்துப் போட்டிக்கு ஆசிரியர்களுக்குத் தரும் டிக்கெட் கேட்கக்கூடாது. பட்டமளிப்பு விழா ஊர்வலத்தில் நடந்து மேடையில் உட்காரக்கூடாது. பட்டமளிப்பு அழைப்பிதழ் மட்டும் வருடம் தவறாமல் வரும், பெண்கள் மேடையில் அமர முடியாது என்ற குறிப்போடு!

ஆலிஸும் ஒரு நிபந்தனை போட்டார். வருடத்தில் பாதிதான் பாடம் எடுப்பேன், மீதி நாள் தொழிற்சாலைகளைப் பார்க்கப் போவேன். ஒப்புக்கொண்டார்கள். 1935-ல் ஓய்வு பெறும்போதும் அவர் அதே உதவிப் பேராசிரியர்தான். 16 வருடத்தில் ஒரு பதவி உயர்வு இல்லை. இத்தனைக்கும் 1925-ல் அவர் எழுதிய தொழிற்சாலை விஷங்கள் பற்றிய நூல், அந்தத் துறைக்கு அமெரிக்காவின் முதல் பாடநூல். லீக் ஆஃப் நேஷன்ஸ் சுகாதாரக் குழுவில் அவர்தான் ஒரே பெண். மருத்துவப் பள்ளிக்குள் மாணவிகள் வந்தது 1945-ல்.

பெட்ரோலில் கலந்த காரீயம்: தோற்ற சண்டை

1921-ல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் ஒரு கண்டுபிடிப்பு. டெட்ராஎத்தில் லெட் என்ற காரீயச் சேர்மத்தைக் கொஞ்சம் கலந்தால், கார் எஞ்சினில் தட்டும் சத்தம் நின்றுவிடும். 1923-ல் விற்பனைக்கே வந்துவிட்டது. 1924 அக்டோபரில் நியூஜெர்சியில் ஸ்டாண்டர்டு ஆயில் ஆலையில் இதைத் தயாரித்த 5 பேர், புத்தி பேதலித்து, வலிப்பு வந்து இறந்தார்கள். விவகாரம் பத்திரிகைகளில் வெடித்தது. விற்பனை தற்காலிகமாக நின்றது.

1925 மே 20-ல் வாஷிங்டனில் அரசு கூட்டிய மாநாடு. ஒரு பக்கம் எண்ணெய், கார் கம்பெனிகள். இது இல்லாமல் நாட்டின் முன்னேற்றம் நின்றுவிடும் என்றார்கள். மறுபக்கம் ஆலிஸும் சில விஞ்ஞானிகளும். ஆலிஸ் வைத்த வாதம் எளிமையானது. காரீயம் இருக்கும் இடத்தில், எவ்வளவு கண்காணித்தாலும் இன்றைக்கோ நாளைக்கோ யாராவது பாதிக்கப்படுவார்கள். ஆலைக்குள்ளேயாவது விசிறி போடலாம், டாக்டரை வைக்கலாம். கார் புகையாகத் தெருவில் போகும் காரீயத்தை யார் கட்டுப்படுத்துவது? ஆகவே இதை விட்டுவிட்டு, காரீயம் இல்லாத வேற பொருளைத் தேடுங்கள்.

எடுபடவில்லை. அரசு அமைத்த நிபுணர் குழு சில மாதங்கள் ஆய்வு செய்து, தடை செய்யப் போதுமான காரணம் இல்லை என்றது. 1926-ல் விற்பனை மறுபடி ஆரம்பம். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் உலகம் முழுக்க வாகனங்கள் அந்தக் காரீயத்தைக் கக்கின. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிப்பது ஆய்வுகளில் உறுதியான பிறகுதான் அரசுகள் அசைந்தன. அமெரிக்கச் சாலைகளில் முழுத் தடை 1996-ல். இந்தியாவில் 2000-ல் காரீய பெட்ரோல் நிறுத்தப்பட்டது. உலகின் கடைசி நாடாக அல்ஜீரியா விட்டது 2021-ல். ஆலிஸ் எச்சரித்து 96 வருடம்!

அதே 1925-ல் ரேடியம் விவகாரம். இருட்டில் ஒளிரும் கடிகார முள்ளுக்கு ரேடியம் பெயின்ட் அடித்த இளம்பெண்கள், தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கிக்கொள்வார்கள். தாடை எலும்பே அழுகியது. கம்பெனி கேட்டு ஹார்வர்ட் ஆய்வாளர்கள் எழுதிய அறிக்கையையே, கம்பெனி திரித்து அரசிடம் கொடுத்திருந்தது. இதை ஹார்வர்டில் இருந்தவர்களின் கவனத்துக்குக் கொண்டுபோனவர் ஆலிஸ். உண்மையான அறிக்கை வெளியானது. 1928-ல் 5 பெண்கள் போட்ட வழக்கு இழுத்தடிக்கப்பட்டபோது, பத்திரிகையாளர் வால்டர் லிப்மனிடம் பேசி அதைத் தலையங்கம் ஆக்கியதிலும் அவர் பங்கு உண்டு. வழக்கு சமரசத்தில் முடிந்து, பெண்களுக்கு இழப்பீடு கிடைத்தது.

கடைசிக் காலம்

ஓய்வுக்குப் பிறகும் சும்மா இருக்கவில்லை. 1937-38-ல் ரேயான் துணி ஆலைகள். அங்கே கார்பன் டைசல்பைடு வாயுவால் தொழிலாளிகளுக்குக் கால் விளங்காமல் போனது, சிலர் மனநலம் இழந்தார்கள். பென்சில்வேனியாவில் நடந்த அந்த ஆய்வுதான் அவரது கடைசிப் பெரிய களப்பணி. 1943-ல் சுயசரிதை எழுதினார்.

எல்லாவற்றிலும் அவர் எடுத்த நிலை சரி என்று சொல்லிவிட முடியாது. ஆண் பெண் சம உரிமைச் சட்டத் திருத்தத்தை ரொம்ப வருடம் எதிர்த்தார். பெண் தொழிலாளர்களுக்கு இருக்கும் சிறப்புப் பாதுகாப்பு போய்விடும் என்ற கவலை. 1952-ல் அந்த எதிர்ப்பைக் கைவிட்டார். தொண்ணூறு வயதைத் தாண்டிய பிறகு வியட்நாம் போருக்கு எதிராகக் கையெழுத்தும் போட்டார்.

கனெக்டிகட் மாநிலத்தின் ஹாட்லைம் கிராமத்தில், ஆற்றங்கரை வீட்டில் 1970 செப்டம்பர் 22-ல் காலமானார். வயது 101. மூன்று மாதம் கழித்து, டிசம்பர் 29-ல், தொழிலாளர் பாதுகாப்பு மற்றும் சுகாதாரச் சட்டத்தில் அதிபர் நிக்சன் கையெழுத்திட்டார். ஆலிஸுக்குக் கடைசிவரை கிடைக்காத ஒன்று அதில் இருந்தது: தொழிற்சாலைக்குள் போய்ச் சோதனை செய்ய அரசு ஆய்வாளருக்குச் சட்டம் தரும் அதிகாரம்.

தொழிற்சாலை நச்சியல் பற்றி 1934-ல் அவர் எழுதிய புத்தகம், புதுப்பிக்கப்பட்டுப் புதுப்பிக்கப்பட்டு 2015-ல் ஆறாம் பதிப்பாக வந்தது. அட்டையில் அவர் பெயர் அப்படியே இருக்கிறது.